ஓட்டி இல்லாத கழுதை

ஏழிலைக் காட்டில் எருமைதான் வண்டி. குரங்குதான் ஓட்டி.

வேறு வழியில்லை. மேட்டில் மொட்டைப்பாறை, பள்ளத்தில் அல்லிக்குளம், நடுவில் ஒரே ஒரு தடம். கோடை வந்தால் மேட்டுச் சுனை வற்றிப்போகும். தண்ணீருக்குக் குளத்துக்குத்தான் இறங்க வேண்டும். பாறையோ தோசைக்கல் மாதிரி காயும். மானும் காட்டுப்பன்றியும் எப்படியோ ஓடிப் போய்விடும். முயலும் முள்ளெலியும் அணிலும் என்ன செய்யும்? எருமை முதுகில் ஏறி உட்காரும். எருமையின் கழுத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்து, காதைத் திருகி ஓட்டும்.

ஓட்டும் என்றா சொன்னேன்? பேய் பிடித்த மாதிரி பறக்கும்! முன்னால் போகிற எருமையை முந்தாவிட்டால் குரங்குக்குத் தின்றது செரிக்காது. "தள்ளுடா! ஒதுங்குடா! கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று ஒரே கூச்சல். இலுப்பை பூக்கிற காலத்தில் கேட்கவே வேண்டாம். உதிர்ந்து புளித்த பூவைத் தின்றுவிட்டுக் குரங்கு ஒரு பக்கம் ஆடும், எருமை ஒரு பக்கம் ஆடும். முதுகில் இருக்கிறவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே போய்ச் சேருவார்கள்.

தடத்தின் பாதியில் நாலுதடம் என்று ஓர் இடம். மூங்கில் காட்டுப் பாதை அங்கே வந்து குறுக்கே வெட்டும். அங்கே யார் முதலில் போவது? அதற்குக் குரங்குகள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. யாருடைய எருமை முதலில் மூக்கை நுழைக்கிறதோ, அவன் போவான். மற்றவன் நிற்பான். கடைசி நொடி வரைக்கும் நிற்கமாட்டான், ஆனால் நிற்பான். மூக்கை நுழைக்கத் தெரியாதவன் அங்கேயே நின்று வேர்விட வேண்டியதுதான்.

ஒரு கோடையில் ஓர் எருமை பாரத்தோடு பள்ளத்தில் உருண்டது. அணில் குடும்பங்கள் சில அப்படியே அழிந்தன. காடே அழுதது. காட்டுத் தலைவர் கரடியார் இலுப்பை மரத்தடியில் கூட்டம் போட்டார். கரடியாரும் இலுப்பைப்பூ தின்கிறவர்தான். அதை யார் கேட்பது?

"குரங்கு ஓட்டுறதாலதானே இந்தக் கேடு? ஓட்டியே இல்லாம, தானாப் போறது ஒண்ணைக் கொண்டுவருவோம்!" என்றது ஆந்தை.

"ஆகட்டும்! ஆகட்டும்!" என்று எல்லோரும் கூவினார்கள்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் வெண்மூக்கன் என்கிற கழுதை. மழைக்காலம் முழுக்க ஆந்தை அவனை மரப்பொந்துக்கு முன்னால் நிறுத்தி விதிகளைச் சொல்லிக்கொடுத்தது. "இடப்பக்கமாப் போ. குறுக்கே யார் வந்தாலும் நில். மேடேறி வர்றவனுக்கு வழி விடு. சந்தேகம் வந்தா, நில்!" வெண்மூக்கன் ஒன்றைக்கூட மறக்கவில்லை. இலுப்பைப்பூவை முகர்ந்துகூடப் பார்க்கமாட்டான். முதுகில் முட்டையை வைத்தாலும் உடையாமல் கொண்டுபோய் இறக்குவான்.

அடுத்த கோடையில் தடத்தில் இறங்கினான். முதல் சில நாட்கள் எல்லோருக்கும் சந்தோஷம். "ஆகா, தங்கமான கழுதை!" என்றார்கள். தங்கத்தை யார் சும்மா விட்டார்கள்?

நரிதான் முதலில் கண்டுபிடித்தது. ஒருநாள் வேண்டுமென்றே குறுக்கே பாய்ந்தது. வெண்மூக்கன் நின்றான். நரி பாதி வழியில் உட்கார்ந்து காதைச் சொறிந்தது. வெண்மூக்கன் நின்றுகொண்டே இருந்தான்.

"அடேய், வாங்கடா! இது எதுக்கும் நிக்குதுடா!" என்று நரி கத்தியது.

அவ்வளவுதான். காடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. குரங்குகள் அவனை உரசிக்கொண்டு முந்தின. "இது நிக்கும், விடு!" என்று எருமைகளை அவன் மூக்குக்கு முன்னால் திருப்பின. பன்றிகள் அவன் வருவதைப் பார்த்தபிறகுதான் தடத்தைக் கடக்கக் கிளம்பின. சரியாகப் போகிறவனைக் கண்டால் எல்லோருக்கும் அப்படி ஓர் இளக்காரம்!

இந்த விளையாட்டில் துள்ளி என்ற முயலும் சேர்த்தி. துள்ளிக்குப் போன மழையில் நாலு பிள்ளைகள் பிறந்தன. பருந்துக்கும் பாம்புக்கும் போக மிஞ்சியது பொட்டு ஒருவன்தான். நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அந்தப் பெயர். அவனைக் குஷிப்படுத்த வேண்டுமென்றால், துள்ளி அவனைத் தடத்தோரம் கூட்டிப்போவாள். வெண்மூக்கன் வருகிற நேரம் பார்த்து இருவரும் குறுக்கே குதிப்பார்கள்.

"நின்னுடுச்சும்மா! நின்னுடுச்சு!" என்று பொட்டு உருண்டு உருண்டு சிரிப்பான்.

"ஏ கழுதை, போ போ! உனக்கு வேற வேலையில்லையா?" என்று துள்ளியும் சிரிப்பாள்.

வெண்மூக்கன் அவர்கள் கடந்த பிறகு நடப்பான்.

கோடை முற்றியது. ஒருநாள் காலையில் பொட்டு எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. காது இரண்டும் வாடிய வெற்றிலையாகத் தொங்கின. அடுத்த வளையில் இருந்த முள்ளெலி வந்து தொட்டுப் பார்த்து, "ஐயையோ, சூட்டுக் காய்ச்சல்!" என்றது.

"என்ன செய்யறது? சொல்லுங்களேன்!" என்று துள்ளி அலறினாள்.

"குளத்துச் சேத்துல கழுத்து வரைக்கும் படுக்கவெச்சா சூடு இறங்கிடும். வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள கொண்டுபோயிடு. அதுக்கு மேல தாங்கமாட்டான்!"

துள்ளி பிள்ளையை இழுத்துக்கொண்டு தடத்துக்கு ஓடிவந்தாள். அங்கே காதுதிருகி என்ற குரங்கு தன் எருமைமேல் சாய்ந்து இலுப்பைப்பூ மென்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, குளத்துக்குப் போகணும்! பிள்ளைக்கு ரொம்ப முடியலை!"

"காய்ச்சல்காரப் பிள்ளையா? ஏறுறவங்களுக்கெல்லாம் ஒட்டிக்கும். அதோட நான் மூங்கில் காட்டுக்குப் போறேன். வேற பாரு!" என்றான் காதுதிருகி. எருமையின் காதைத் திருகினான். புழுதிதான் மிஞ்சியது.

அந்தப் புழுதி அடங்கியபோது வெண்மூக்கன் வந்து நின்றான்.

துள்ளிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "அண்ணே..." என்று இழுத்தாள். நேற்றுவரை ஏ கழுதை!

"ஏறுங்கம்மா. பிள்ளையை நடுவுல படுக்கவையுங்க. ஆடாமக் கொண்டுபோறேன்" என்றான் வெண்மூக்கன்.

சொன்னபடி ஆடாமல்தான் போனான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொட்டு கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் மூச்சு சீராக இருந்தது. எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று துள்ளிக்கு நம்பிக்கை வந்தது.

முதல் வளைவில் நரி குறுக்கே வந்தது. வெண்மூக்கன் நின்றான். நரி வழக்கம்போல நடுவில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

"நரியண்ணே, வழி விடுங்க! பிள்ளைக்குக் காய்ச்சல்!" என்று துள்ளி மேலிருந்து கத்தினாள்.

"அட, நம்ம துள்ளியா? நீயும்தானே தினமும் குதிச்சே? இன்னிக்கு என் முறை!" என்று நரி சிரித்தது. ஆற அமர எழுந்து, சோம்பல் முறித்து, அப்புறம்தான் போனது.

துள்ளி பிள்ளைமேல் வெயில் படாமல் குனிந்து மறைத்துக்கொண்டாள். 

கொஞ்ச தூரத்தில் பன்றிக் கூட்டம். தாய்ப்பன்றி வெண்மூக்கனைப் பார்த்ததும் குட்டிகளிடம், "அவசரமில்லை, மெதுவாப் போங்கடா. இது நம்ம கழுதைதான், நிக்கும்!" என்றது. குட்டிகள் போயின. திரும்பி வந்தன. மறுபடி போயின.

"கொஞ்சம் மிரட்டுங்களேன் அண்ணே! ஒரு எட்டு முன்னால வெச்சா ஓடிடுவாங்க!" என்றாள் துள்ளி.

"காலடியில மாட்டிக்கிட்டா?"

"மாட்டமாட்டாங்க! அதுங்களுக்கு ஓடத் தெரியும்!"

"எனக்கு அது உறுதியாத் தெரியலையேம்மா" என்றான் வெண்மூக்கன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே கோபம் வரும். காற்று ஒன்று சுழன்று அடித்தது. காய்ந்த சருகுகள் தடத்தின் நடுவே எழும்பிச் சுற்றின. வெண்மூக்கன் அதற்கும் நின்றான்!

"அது சருகு! வெறும் சருகு! ஏன் நிக்கிறீங்க?"

"சருகு மாதிரிதான் இருக்கு. ஆனா உள்ள ஏதாவது இருந்தா? சந்தேகம் வந்தா நில்லுன்னு சொல்லியிருக்காங்க."

சருகு எது, உயிர் எது என்று ஒரு முயல்குட்டிக்குக்கூடத் தெரியும். கழுதைக்குத் தெரியவில்லை. ஆந்தை விதிகளைச் சொல்லிக்கொடுத்ததே தவிர, சருகைக் காட்டவில்லை. கழுதையின்மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. காற்று ஓய்கிற வரைக்கும் அவன் நின்றான். பொட்டுவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

ஒருவழியாக நாலுதடம் வந்தது. அங்கிருந்து பார்த்தால் குளம் தெரியும். அல்லி இலைக்கு நடுவே தண்ணீர் மினுங்கியது. ஓடினால் நொடியில் எட்டிவிடலாம்.

ஆனால் மூங்கில் காட்டுப் பாதையில் எருமைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒன்று போனால் ஒன்று. வெண்மூக்கன் ஓரத்தில் நின்றான். பாதை காலியாகட்டும் என்று காத்திருந்தான். அது என்றைக்குக் காலியாகியிருக்கிறது? பின்னால் வந்த எருமைகள்கூட அவனைச் சுற்றிக்கொண்டு முன்னே போய், மூக்கை நுழைத்து, கடந்து போயின. ஒரு குரங்கு திரும்பிப் பார்த்து, "என்னடா வெண்மூக்கா, வேர் விட்டாச்சா?" என்று பழித்துக் காட்டிவிட்டுப் போனது.

வெயில் உச்சியைத் தொட்டது.

அப்போது பொட்டு கண்ணைத் திறந்தான். "அம்மா, தவளைச் சத்தம் கேக்குதும்மா" என்றான்.

துள்ளி கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்! மூக்கை நுழைங்க! எல்லாரும் அப்படித்தான் போறாங்க! நீங்க நுழைச்சா அவங்க நிப்பாங்க!"

"அது விதியில இல்லையேம்மா."

"விதியைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க! என் பிள்ளை சாகறான்! யார் வந்தாலும் நிக்காதீங்க!"

வெண்மூக்கன் திரும்பிப் பொட்டுவைப் பார்த்தான். அந்தப் பிள்ளை எத்தனை நாள் அவன் முன்னால் குதித்திருக்கிறது! அவனுக்கும் மனசு கேட்கவில்லை. முதல் தடவையாக விதியை விட்டான். மூக்கை நீட்டினான். வந்துகொண்டிருந்த ஓர் எருமை சடாரென்று நின்றது. அதன் குரங்கு திட்டியது. துள்ளி சொன்னது சரிதான்! வெண்மூக்கன் காலை எடுத்துவைத்தான். இன்னொரு எட்டு. நடுவுக்கு வந்துவிட்டான்.

நின்ற எருமையைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து ஓர் எருமை பாய்ந்து வந்தது. கழுத்தில், மூங்கில் காட்டிலிருந்து திரும்பிய காதுதிருகி. வாயில் இலுப்பைப்பூ.

"டேய், கழுதை குறுக்கே வருது!" என்று எருமையே கத்தியது.

"யாரு, நம்ம வெண்மூக்கனா? அது நிக்கும்டா, நீ போ!" என்று காதுதிருகி காதைத் திருகினான்.

அவன் நிற்பான் என்று இவன் நிற்கவில்லை. நிற்காதே என்று சொன்னதால் அவனும் நிற்கவில்லை.

மோதினார்கள்.

காதுதிருகி மூங்கில் புதரில் போய் விழுந்து, தலையைத் தடவிக்கொண்டு எழுந்தான். எருமை முழங்காலில் விழுந்து எழுந்தது. வெண்மூக்கனின் முன்னங்கால் பிசகியது. துள்ளி தூக்கி எறியப்பட்டு, புழுதியில் உருண்டு எழுந்து ஓடிவந்தாள்.

பொட்டு எழவில்லை.

துள்ளி அவனை முகர்ந்தாள். நக்கினாள். மூக்கால் புரட்டினாள். "பொட்டு, தவளை கத்துதுடா, எந்திரிடா" என்றாள். பிறகு அவள் போட்ட சத்தம் மொட்டைப்பாறை வரைக்கும் கேட்டது. முயல் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் இலுப்பை மரத்தடியில் கூட்டம். கரடியார் தொண்டையைக் கனைத்தார். "என்னப்பா நடந்துச்சு? காதுதிருகி, நீ சொல்லு."

"ஐயா, அது எப்பவும் நிக்கும்! காடே சொல்லும்! இன்னிக்கு நிக்கலை. நான் என்ன பண்ணுவேன்?"

"ஆமாம், எப்பவும் நிக்கும்!" என்றது நரி. "எங்க குட்டிங்களுக்காக இன்னிக்குக் காலையிலகூட நின்னுச்சே!" என்றது தாய்ப்பன்றி. நின்றபோதெல்லாம் சிரித்த அத்தனை வாயும் இப்போது, "ஏன் நிக்கலை? ஏன் நிக்கலை?" என்று கேட்டது.

ஆந்தை கிளையில் நகர்ந்து உட்கார்ந்தது. "நான் சொல்லிக்கொடுத்தது நிக்கத்தான். அதை மீறினதுக்கு நான் பொறுப்பில்லை" என்றது.

துள்ளி கூட்டத்தின் நடுவே வந்தாள்.  "அவர்மேல தப்பில்லை. நிக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன். நரி குறுக்கே உக்காந்துச்சு. பன்றிங்க வழி விடலை. நாலுதடத்துல யாருமே விடலை. நானும் எத்தனையோ நாள் அவர் முன்னால குதிச்சேன். நாமெல்லாரும் சேர்ந்துதான் என் பிள்ளையைக் கொன்னோம்."

 தாய்ப்பன்றி, "பாவம், பெத்த வயிறு. என்ன பேசறோம்னே தெரியலை" என்று உச்சுக்கொட்டியது.

"ஆமாம், ஆமாம், துக்கத்துல பேசறா. யாராவது கூட்டிப்போய் உக்காரவையுங்க" என்றார் கரடியார். இரண்டு அணில்கள் அவளை ஓரமாகக் கூட்டிப்போயின. உண்மையைச் சொன்னவளுக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

கரடியார் தீர்ப்புச் சொன்னார். "காதுதிருகி, இனிமே பார்த்து ஓட்டு. வெண்மூக்கா, நீ இனிமே தடத்துப் பக்கமே வரக்கூடாது."

வெண்மூக்கன் நொண்டியபடி முன்னால் வந்தான். "ஐயா, போயிடறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நின்னா கேலி பண்ணினீங்க. நடந்தா ஏன் நடந்தேன்னு கேக்கறீங்க. நான் எப்ப நிக்கணும், எப்ப நடக்கணும்?"

கரடியார் ஆந்தையைப் பார்த்தார். ஆந்தை மரத்தைப் பார்த்தது. குரங்குகள் பூப் பொறுக்கப் போய்விட்டன.  வெண்மூக்கன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காட்டைவிட்டே போனான்.

பொட்டுவை நாலுதடத்துக்கு அந்தப் பக்கம், குளக்கரை நாவல் மரத்தடியில் புதைத்திருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் துள்ளி நாலு அறுகம்புல்லை வாயில் கவ்விக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். பிள்ளைக்கு அறுகம்புல் என்றால் உயிர்.

நாலுதடத்தில் எருமைகள் பறந்துகொண்டிருந்தன. "தள்ளுடா! ஒதுங்குடா!" என்று அதே கூச்சல். மூக்குக்குப் பின்னால் மூக்கு. துள்ளி ஓரத்தில் நின்றாள். ஒரு காலை எடுத்துவைத்தாள். ஓர் எருமை உரசிக்கொண்டு போனது. பின்வாங்கினாள். மறுபடி எடுத்துவைத்தாள். "செத்துப்போகணும்னு ஆசையா?" என்று ஒரு குரங்கு கத்திவிட்டுப் போனது. வெயில் ஏறியது. வாயிலிருந்த புல் வாடியது. ஒருவரும் அவளுக்காக நிற்கவில்லை. நின்றுகொண்டிருந்தது ஒரே ஒருவன்தான், அவனையும் துரத்தியாகிவிட்டது. மத்தியானம் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, புல்லை அங்கேயே போட்டுவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

வழிவிடுகிற ஒருவனை ஏமாளியாக்கி விரட்டிவிட்ட ஊரில், அப்புறம் யார் செத்தாலும் யாரும் யாருக்கும் வழிவிடமாட்டார்கள்.